வகுப்பறையிலிருந்து சிறைவாயில்வரை: அமெரிக்கப் பள்ளி ஒழுங்குமுறையும் நிறவேற்றுமையும்

மால்கம் எக்ஸ் என்னும் பெயரை அறியாதார் நம் மாணவருள் சிலரே இருப்பர். 1964ஆம் ஆண்டு ஹஜ் கடமையை நிறைவேற்றியவரும், அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ் எனவும் அறியப்பட்டவருமாகிய அவரை மேடைப் பேச்சாளராகவும் சமுதாயத் தலைவராகவுமே நாம் பெரிதும் நினைவுகூர்கிறோம். அவருடைய பள்ளிப் பருவத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலியிடம் அவர் சொல்லச் சொல்ல உருவாகி, 1965ஆம் ஆண்டு வெளிவந்த தன்வரலாற்று நூலில் தம் பதின்மூன்றாம் வயது நிகழ்ச்சியொன்றை விவரித்துள்ளார். தொப்பியைக் கழற்றாமல் வகுப்புக்குள் நுழைந்தான் சிறுவன். தொப்பியோடேயே வகுப்பறையைச் சுற்றிச் சுற்றி நடக்குமாறு ஆசிரியர் பணித்தார்; மற்றவர் அனைவரும் பார்க்கவேண்டும் என்பதே அத்தண்டனையின் நோக்கம். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவர் நாற்காலியில் குத்தூசி ஒன்றை வைத்துவிட்டு நடந்தான் அவன்.

குறும்புதான், ஐயமில்லை. விளைந்தது யாது? பள்ளியிலிருந்து வெளியேற்றம், அதனை அடுத்துச் சிறார் காப்பகம். அங்கிருந்தவாறே மிச்சிகன் மாநிலத்தின் மேசன் என்னும் ஊரில், வெள்ளையர் நிறைந்த பள்ளியில் பயின்று, வகுப்புத் தலைவனாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டான். வழக்கறிஞனாக விரும்புவதாகச் சொன்னபோது, கறுப்பினத்தானுக்கு அது ஏலாத கனவு, தச்சுத்தொழில் பழகலாம் என்று ஆங்கில ஆசிரியர் அறிவுரை பகர்ந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. 1946இல் திருட்டுக் குற்றத்திற்காகச் சிறை புகுந்து 1952இல் வெளிவந்தார் மால்கம். சிறையில் அகராதியைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்து மொழி கற்ற வரலாற்றைப் பலரும் வியந்து பாராட்டுவர். பள்ளி தராத கல்வியைச் சிறை தந்தது என மகிழ்வோரும் உளர். நமக்கு அவ்வாறு மகிழ இயலவில்லை. வகுப்பில் முதல்வனாக நின்ற பிள்ளை சிறையில் அகராதி படிக்க நேர்ந்தது ஏன் என்பதே நம் வினா.

பள்ளியில் பெறும் தண்டனை, நீதிமன்றத்திற்கும் சிறைக்கும் வழியாக அமைந்துவிடுவதை இன்று அமெரிக்கக் கல்வியாளர் 'பள்ளி–சிறைக் குழாய்வழி' என்று குறிக்கின்றனர். குழாயுள் புகுந்த நீர் தானே திசைமாற இயலாது. உவமையின் பொருத்தம் அதுவே. இக்குழாய் ஒரே நாளில் இடப்பட்டதன்று. அதன் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், நிறத்தால் பிரித்த பள்ளிகள் அரசமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. பிரௌன் வழக்கு எனப் புகழ்பெற்ற தீர்ப்பு அது. தீர்ப்பின் பெருமையைப் பேசுவோர் அதன் பின்விளைவு ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகின்றனர். தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிகளுக்குச் சேர்க்கப்பட்டபோது, அவர்களுக்குக் கற்பித்துவந்த கறுப்பின ஆசிரியர்கள் உடன் சேர்க்கப்படவில்லை. அவர்தம் பள்ளிகள் மூடப்பட்டன. 1954க்கும் 1965க்கும் இடையில் ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் பணியிழந்தனர் என்பர். பிள்ளையின் தாய்தந்தையரை அறிந்தவர், தெருவை அறிந்தவர், குறும்பையும் கொடுமையையும் பிரித்தறியத் தெரிந்தவர் வகுப்பறையிலிருந்து நீங்கினார். அவ்விடத்தில், இப்பிள்ளை இங்கு வந்திருக்கவே வேண்டா என்று எண்ணிய சிலரும் அமர்ந்தனர். நம் கணிப்பில் இவ்வரலாற்றின் திருப்புமுனை இதுவே. பிற்காலச் சட்டங்களெல்லாம் இதன்மேல் எழுந்த மாடங்கள்.

பள்ளித் தண்டனை அரசியல் கருவியாகவும் பயன்பட்டதுண்டு. 1963 மே மாதம் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் நிறவேற்றுமையை எதிர்த்து ஊர்வலம் சென்ற மாணவர் ஆயிரவரைக் காவல்துறை கைது செய்தது. நகரின் கல்வி வாரியமோ ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பள்ளிகளிலிருந்து நீக்கி ஆணையிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அவர்கள் மீண்டும் வகுப்பறைக்கு வந்தனர். பிரிவினையைச் சட்டத்தால் காக்க இயலாதபோது இடைநீக்க ஆணையால் காக்கலாம் என்பதைச் சில வாரியங்கள் அப்போதே கற்றுக்கொண்டன.

1975ஆம் ஆண்டு இருவகையில் நினைவுகொள்ளத்தக்கது. மேரியன் ரைட் எடல்மன் அம்மையார் நிறுவிய குழந்தைகள் பாதுகாப்பு நிதியம், பள்ளி இடைநீக்கங்கள் பற்றி அவ்வாண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. கறுப்பின மாணவர் வெள்ளை மாணவரைப்போல் இருமடங்கு முதல் மும்மடங்குவரை இடைநீக்கம் செய்யப்படுவதை அது புள்ளிவிவரத்தோடு காட்டிற்று. அவ்வாண்டே கோஸ் எதிர் லோப்பஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பத்து நாள்வரை இடைநீக்கம் செய்வதாயினும் குற்றச்சாட்டு இன்னதென்று மாணவனுக்குச் சொல்லவேண்டும், அவன் தரப்பைக் கேட்கவேண்டும் என்று விதித்தது. கேளாமல் தண்டித்தல் முறையன்று என்பதற்கு ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை செல்லவேண்டியிருந்தது! அதுவும் ஐவர்க்கு நால்வர் என்ற நூலிழைப் பெரும்பான்மையில் கிடைத்த தீர்ப்பு.

அடுத்து வந்தது 'ஜீரோ டாலரன்ஸ்' என்று அவர்கள் வழங்கும் கொள்கை. இதனைப் 'பொறுத்தலில்லாக் கொள்கை' எனத் தமிழில் சொல்லலாம். 'பொறாமை' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருளும் பொறுக்கமாட்டாமை என்பதே. இன்று அச்சொல் அழுக்காற்றுக்கு உரியதாகிவிட்டமையால் இங்குப் பயன்படாது போயிற்று. முதலில் போதைப்பொருள் ஒழிப்பில் வழங்கிய கொள்கை இது. 1982இல் ஜேம்ஸ் வில்சன், ஜார்ஜ் கெல்லிங் என்னும் இருவர் அட்லாண்டிக் இதழில் ஒரு கட்டுரை வரைந்தனர். உடைந்த சன்னலொன்றைச் சீர்செய்யாமல் விட்டால் விரைவில் எல்லாச் சன்னல்களும் உடையும். சிறு ஒழுங்கீனத்தைக் கண்டிக்காவிடின் பெருங்குற்றம் வளரும் என்பது அதன் சாரம். தெருக்காவலுக்காக எழுதப்பட்ட கருத்து பள்ளிக்கூடத்துள் நுழைந்தது. 1994இல் குடியரசுத் தலைவர் கிளிண்டன் காலத்தில் துப்பாக்கியற்ற பள்ளிகள் சட்டம் நிறைவேறிற்று. பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவனை ஓராண்டுக்குக் குறையாமல் வெளியேற்றவேண்டும் என்பது அதன் விதி. இவ்விதியோடு நமக்குப் பிணக்கில்லை. துப்பாக்கியைப் பொறுத்துக்கொள்ளும் பள்ளி எங்கும் இருத்தலாகாது. மேலும், தனித்தனி நிலையறிந்து தண்டனையைத் தளர்த்தும் உரிமையையும் அச்சட்டமே கல்வி அலுவலர்க்கு வழங்கியிருந்தது.

ஆனால், நடந்தது வேறு. துப்பாக்கிக்கு வகுத்த அளவுகோல் மெல்ல மெல்லப் பொம்மைத் துப்பாக்கிக்கும், சச்சரவுக்கும், எதிர்த்துப் பேசுதலுக்கும், சீருடை பிழைத்தலுக்கும் நீட்டிக்கப்பட்டது. 1999 ஏப்ரல் 20ஆம் நாள் கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் உயர்நிலைப்பள்ளியில் இரு மாணவர் நிகழ்த்திய படுகொலைக்குப்பின், பள்ளிகளில் காவலர் நிற்பது பெருவழக்காயிற்று. அக்கொலையாளிகள் இருவரும் வெள்ளையர் பெரும்பான்மையாக வாழ்ந்த புறநகரைச் சேர்ந்தவர். அந்த அச்சத்தின் பெயரால் நின்ற காவலரால் பெரிதும் கைதானவரோ வேறு நிறத்துப் பிள்ளைகள். அமெரிக்கக் குடிமையுரிமை ஒன்றியம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, காவலர் இருந்தும் ஆலோசகரோ செவிலியரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இவருள் எவரேனும் ஒருவகையினர் இல்லாத பள்ளிகளில் பயிலும் மாணவர் 1 கோடியே 40 இலட்சம் பேர். தலைவலி என்று வந்த பிள்ளைக்கு மருந்து தர ஆளில்லாத பள்ளியிலும் கைவிலங்கு இருக்கிறது.

கறுப்பினப் பிள்ளைகள் மிகுதியாகத் தண்டிக்கப்படுவது அவர்கள் மிகுதியாகத் தவறு செய்வதனால்தானே என்று கேட்போர் அந்நாட்டிலும் உளர், இங்கும் இருக்கலாம். வினா நேர்மையானதே. இதற்கு விடை தரும் ஆய்வுகளுள் தலையாயது டெக்சாஸ் மாநில ஆய்வு. மாநில அரசுகள் மன்றத்தின் நீதி மையமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வு நிறுவனமும் இணைந்து 2011 ஜூலையில் இதனை வெளியிட்டன. அம்மாநிலத்தில் ஏழாம் வகுப்புப் பயின்ற ஏறத்தாழ 9 இலட்சத்து 29 ஆயிரம் மாணவரை, மாதிரி எடுக்காமல் ஒருவர் விடாமல், ஆறாண்டுக்குக் குறையாமல் பின்தொடர்ந்தது ஆய்வு. அவருள் ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் இடைநீக்கமோ வெளியேற்றமோ பெற்றிருந்தனர். அத்தண்டனைகளுள் சட்டம் கட்டாயமாக விதித்தவை 3 விழுக்காடு மட்டுமே. எஞ்சியவை அனைத்தும் பள்ளி அலுவலரின் விருப்பத்திற்கு விடப்பட்டவை.

ஆய்வாளர் எண்பதுக்கும் மேற்பட்ட காரணிகளைச் சமப்படுத்திக் கணக்கிட்டபோது வெளிப்பட்ட உண்மையை மாணவர் கூர்ந்து நோக்கவேண்டும். தண்டனை கட்டாயமாகிய பெருங்குற்றங்களில், வெள்ளை மாணவரைவிடக் கறுப்பின மாணவர் தண்டனை பெறும் வாய்ப்பு 23 விழுக்காடு குறைவு. தண்டிப்பதும் விடுவதும் அலுவலர் கையில் இருந்த சிறு தவறுகளிலோ அவர்தம் வாய்ப்பு 31 விழுக்காடு மிகுதி. சட்டம் தானே பேசிய இடத்தில் நிறம் பின்னடைந்தது. மனிதர் மனம் பேசிய இடத்தில் நிறம் முன்வந்தது. மேலே கேட்ட வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை நாம் கண்டதில்லை. விருப்புரிமையின்படி இடைநீக்கம் பெற்ற மாணவன் அடுத்த ஆண்டே சிறார் நீதித்துறையின் பிடியில் அகப்படும் வாய்ப்பு ஏறக்குறைய மும்மடங்கு என்பதும் அவ்வாய்வின் முடிபு.

இண்டியானா பல்கலைக்கழகப் பேராசிரியர் ரசல் ஸ்கிபா 2002இல் வெளியிட்ட ஆய்வு இதனோடு வைத்து எண்ணத்தக்கது. வெள்ளை மாணவர் எதற்காகத் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பப்பட்டனர் எனப் பார்த்தால், புகைபிடித்தல், பொருளைச் சேதப்படுத்தல், சொல்லாமல் வெளியேறல் போன்று கண்ணால் காணத்தக்க தவறுகளுக்காக. கறுப்பின மாணவரோ மரியாதையின்மை, மிகுந்த இரைச்சல், அச்சுறுத்தல் போன்றவற்றுக்காக. பீடித்துண்டை மேசைமேல் எடுத்து வைத்துக் காட்டலாம்; மரியாதையின்மையை எங்கே எடுத்து வைப்பது? அது காண்பவர் கண்ணில் இருப்பது. ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்களில் அமரும் நம் போன்ற ஆசிரியர் இதனைச் சற்று நின்று சிந்திக்கவேண்டும். 'பணிவில்லை' என்ற ஒரு சொல்லை எழுதிக் கையொப்பமிடுவது எத்துணை எளிது என்பதை நாம் அறிவோம்.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜேசன் ஒக்கனோபுவா, ஜெனிபர் எபர்ஹார்ட் இருவரும் 2015இல் வெளியிட்ட சோதனையும் சுவையானது. ஒரே மாணவன் இருமுறை செய்த சிறு தவறுகளின் குறிப்பை ஆசிரியரிடம் படிக்கக் கொடுத்தனர். சிலரிடம் தந்த தாளில் கறுப்பினத்தார் வழங்கும் பெயர். சிலரிடம் தந்ததில் வெள்ளையர் பெயர். முதல் தவற்றைப் படித்தபோது வேறுபாடு பெரிதாக இல்லை. இரண்டாம் தவற்றுக்கு வந்தபோது, கறுப்பினப் பெயருடையவனை ஆசிரியர் மிகுந்த கடுமையோடு தண்டிக்க விழைந்தனர். இவன் தொல்லை தருபவன் என்று முத்திரையிடவும் முற்பட்டனர். இவ்வாசிரியர் எவரும் கொடியவர் அல்லர். வெள்ளைப் பிள்ளையின் இரு தவறுகளை இரண்டாக எண்ணியவர், கறுப்பினப் பிள்ளையின் இரு தவறுகளை ஒரு குணமாகக் கொண்டனர், அவ்வளவே.

இவ்வேற்றுமை எந்த வயதில் தொடங்குகிறது என்பதைச் சொல்லவும் கூசுகிறது. 2011–12ஆம் கல்வியாண்டிற்குரிய அமெரிக்கக் கல்வித்துறையின் கணக்குப்படி, மழலையர் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகள் 18 விழுக்காடு. ஒருமுறைக்கு மேல் இடைநீக்கம் பெற்ற மழலையருள் அவர்கள் 48 விழுக்காடு. நான்கு வயதுக் குழந்தையை இடைநீக்கம் செய்வதென்றால் என்ன பொருள் என்று நம் தாய்மார்களிடம் கேட்டால் நகைப்பர். அதே ஆண்டில் மொத்த மாணவருள் 16 விழுக்காடாகிய கறுப்பினத்தார், பள்ளி தொடர்பாகக் கைதானவருள் 31 விழுக்காடாக இருந்தனர்.

சட்டத்தின் சொற்கள் எவ்வளவு தூரம் வழுக்கிச் செல்லும் என்பதற்குத் தென் கரோலைனா மாநிலத்தின் 'பள்ளிக்கு இடையூறு செய்தல்' சட்டம் ஒரு சான்று. 1919இல், மகளிர் கல்லூரி வளாகத்துள் ஆடவர் புகுந்து தொல்லை தராதிருக்க அது இயற்றப்பட்டது. நூறாண்டை நெருங்கும்போது அது மாணவர்மேலேயே பாய்ந்தது. 2015 அக்டோபரில் அம்மாநிலப் பள்ளியொன்றில் கைப்பேசி தொடர்பான பூசலில் இருக்கையை விட்டு எழ மறுத்த கறுப்பின மாணவியைக் காவலர் இருக்கையோடு கவிழ்த்து இழுத்தார். அதைக் கண்டு குரலெழுப்பிய மற்றொரு மாணவியும் அதே சட்டத்தின்கீழ்க் கைதானார். அச்சட்டம் மாணவர்க்குப் பொருந்தாதென 2018இல் திருத்தப்பட்டது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், மாணவரைப் பொறுத்தவரை அது எல்லை தெளிவற்றதென்று கூறி அரசமைப்புக்கு முரணாக்கிற்று.

நிறத்தோடு சமயமும் சேர்ந்து ஐயத்தை வளர்த்ததற்கு டெக்சாஸின் இர்விங் நகர் எடுத்துக்காட்டு. 2015 செப்டம்பரில், சூடான் வழிவந்த 14 வயது முஸ்லிம் மாணவன் தானே இணைத்த கடிகாரத்தை ஆசிரியரிடம் காட்டும் ஆர்வத்தோடு பள்ளிக்குக் கொண்டுசென்றான். வெடிகுண்டுபோல் தோன்றுவதாகச் சொல்லிக் கைவிலங்கிட்டனர். குற்றம் ஏதுமில்லை எனக் காவல்துறை விட்டபிறகும் மூன்று நாள் இடைநீக்கம் இருந்தது. குடியரசுத் தலைவர் ஒபாமா அவனை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார் என்பதால் உலகம் அறிந்தது. அழைப்புக் கிட்டாத பிள்ளைகளைப் பற்றி நாம் ஏதும் அறியோம்.

கறுப்பினத்தாரை மட்டுமே இக்குழாய் விழுங்குகிறது என்பதுமில்லை. வறுமையும் போதும். பென்சில்வேனியாவின் லூசர்ன் மாவட்டத்தில், தனியார் சிறார் சிறையோடு தொடர்புடையோரிடமிருந்து 28 இலட்சம் டாலர்வரை பெற்ற நீதிபதிகள் இருவர் வெள்ளைப் பிள்ளைகளையும் சிறு தவறுகளுக்காகச் சிறையிலிட்டனர். துணைத் தலைமையாசிரியரை இணையத்தில் கேலி செய்த மாணவியும் அவருள் ஒருவர். 2009இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் ஆயிரக்கணக்கான தீர்ப்புகளை நீக்கிற்று. 2011இல் நீதிபதி ஒருவருக்கு 28 ஆண்டுச் சிறை கிடைத்தது.

இடைநீக்கமே குற்றத்தை வளர்க்கிறதா, அன்றி இரண்டுக்கும் வேறொரு காரணம் உண்டா என்பது இன்னொரு வினா. வட கரோலைனாவின் சார்லட் நகரில் 2002இல் பள்ளி எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. ஒரே தெருவின் பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரிந்தனர். பொருளியலாளர் மூவர் 2019இல் இதனை ஆராய்ந்து, கடுமையாக இடைநீக்கம் செய்யும் பள்ளிக்குப் போக நேர்ந்தவர், வளர்ந்தபின் கைதாகவும் சிறைப்படவும் 15 முதல் 20 விழுக்காடு கூடுதல் வாய்ப்புடையராயினர் என்று கண்டனர். எல்லைக்கோட்டின் எப்பக்கம் வீடு இருந்தது என்பதே அவர்தம் தலைவிதியின் ஒரு பகுதியாயிற்று. இவ்விணைப்பின் கடைக்கோடியை அமெரிக்க நீதித்துறைப் புள்ளியியல் பிரிவு காட்டுகிறது: 1997இல் மாநிலச் சிறைகளில் இருந்தவருள் 68 விழுக்காட்டினர் முறையான உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழ் பெறாதவர்.

மாற்றுவழி இல்லாமலில்லை. ஜார்ஜியாவின் கிளேட்டன் மாவட்டத்தில் 1990களில் பள்ளிக்குக் காவலர் வந்தபின் சிறார் நீதிமன்றத்தில் பள்ளிப் பூசல்கள் வந்து குவிந்தன. சிறார் நீதிபதி ஸ்டீவன் டெஸ்கே, காவல்துறையையும் பள்ளி நிருவாகத்தையும் ஒரே மேசையில் அமர்த்தி 2004இல் உடன்பாடொன்று கண்டார். சிறு தவறெனின் முதன்முறை எச்சரிக்கை. மறுமுறை பூசல் தீர்க்கும் பயிற்சி. மூன்றாம் முறையே நீதிமன்றம். வழக்குகள் வெகுவாகக் குறைந்தன. பள்ளிப்படிப்பை நிறைவு செய்வோர் தொகை கூடிற்று. புதிய சட்டம் ஏதும் இயற்றாமலே இது நடந்தது என்பது சிறப்பு.

இன்னொரு முறை, தவறிழைத்தவனையும் துன்புற்றவனையும் வட்டமாக அமர்த்திப் பேசவைத்து ஈடு செய்விக்கும் முறை. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகர்ப் பள்ளிகள் இதில் முன்னோடி. எனினும் இதனை எல்லா நோய்க்கும் ஒரு மருந்தாகக் கொள்ளுதல் பிழை. பிட்ஸ்பர்க் நகரப் பள்ளிகளில் ராண்ட் நிறுவனம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, இம்முறையால் இடைநீக்கம் குறைந்ததையும் பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர் கருதியதையும் காட்டிற்று. அதே வேளை ஆறு முதல் எட்டுவரையுள்ள வகுப்புகளில் படிப்புத்தரம் தாழ்ந்ததையும் மறைக்கவில்லை. நாற்பது பேரை வைத்துப் பாடம் நடத்துவோர்க்கு இதன் காரணத்தை விளக்கவேண்டுவதில்லை. இடைநீக்கத்தை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் ஆளும் நேரமும் பயிற்சியும் தராவிடில் சுமை முழுதும் ஆசிரியர் தலையிலும், அமைதியாகப் படிக்க வந்த பிள்ளையின் தலையிலும் இறங்கும். படிக்க வந்த அப்பிள்ளையும் பெரும்பாலும் அதே நிறத்துப் பிள்ளைதான்.

இன்றைய நிலை யாது? 2014 ஜனவரியில் மைய அரசின் கல்வித்துறையும் நீதித்துறையும் சேர்ந்து, தண்டனையில் நிறவேற்றுமை 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்திற்கு முரண் என்று பள்ளிகளுக்கு வழிகாட்டு மடல் விடுத்தன. 2018 டிசம்பரில் அம்மடல் திரும்பப் பெறப்பட்டது. 2025 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் டிரம்ப், தண்டனைகளை நிறவாரியாகக் கணக்கிட்டு ஒப்புநோக்கும் அணுகுமுறையையே கைவிடுமாறு ஆணை பிறப்பித்தார். மைய அரசு முன்னும் பின்னும் அசைய, மாநிலங்கள் தத்தம் வழியே செல்கின்றன. 'வேண்டுமென்றே கீழ்ப்படியாமை' என்ற காரணத்திற்காக இடைநீக்கம் செய்வதை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பள்ளிகள் 2013இல் கைவிட்டன. கலிபோர்னியா மாநிலம் 2014, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் படிப்படியாகச் சட்டமியற்றி அத்தடையைப் பன்னிரண்டாம் வகுப்புவரை நீட்டியது.

புளோரிடாவில் ஒர்லாண்டோ நகரில் 2019 செப்டம்பரில், வகுப்பில் அடம்பிடித்த ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமியைக் காவலர் கைகளைக் கட்டி அழைத்துச் சென்றார். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. வழக்குத் தொடுப்பதில்லை என அரசு வழக்கறிஞர் அறிவித்தார். 2021இல் அம்மாநிலச் சட்டமன்றம், வன்முறையோடு கூடிய பெருங்குற்றம் நீங்கலாக, ஏழு வயது நிரம்பாத குழந்தையைக் கைதுசெய்தல் கூடாதென்று சட்டம் இயற்றிற்று. ஏழாம் பிறந்தநாள் கண்ட குழந்தைக்கு அச்சட்டத்தின் காப்பு இல்லை.